கேம் இசை ஏன் மனதில் நிற்கிறது? பண்டாரவளை நண்பரின் கேள்விக்கு ஒரு பதில்

பண்டாரவளையிலிருந்து எழுதியிருக்கும் நண்பர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். சிறுவயதில் லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில்) டிவி கேமிலும், பின்னர் டவுனில் நெட் கஃபேயிலும் கேட்ட கேம் இசை முப்பது வயதைத் தாண்டிய பிறகும் மனதை விட்டுப் போகாமல் இருப்பது ஏன் என்பது முதலாவது. அதே மெட்டுகளை இன்று யூடியூபில் கேட்கும்போது சற்று வேகமாக ஒலிப்பது தன் நினைவின் பிழையா என்பது இரண்டாவது. கீபோர்ட் பழகும் எட்டு வயது மகள் இந்த மெட்டுகளையே வாசிக்க ஆசைப்படுகிறாள், அதற்கு இடம்கொடுக்கலாமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் கிடப்பது அவருடைய அண்ணன் சொன்ன ஒரு சொல்: "அது சங்கீதமே இல்லை, திரும்பத் திரும்பக் காதில் விழுந்ததால் ஒட்டிக்கொண்ட சத்தம்." அண்ணன் கர்நாடக சங்கீதத்தை முறையாகப் பயின்றவர் என்பதால் அந்தச் சொல் தம்பியின் மனதை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஆகவே, இந்த இசைக்கு இசை என்ற அளவில் மதிப்பு உண்டா, அல்லது நம் சிறுபிராயத்தின் மீதுள்ள பிரியத்தைத்தான் அதன்மேல் ஏற்றிப் பார்க்கிறோமா என்பதே உண்மையில் கேட்கப்பட்டிருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கண்டியிலும் ஹட்டனிலும் பல ஆண்டுகளாக மேலைத்தேய இசையும் கீபோர்டும் கற்பித்து வருகிறேன். இளம் நண்பர்கள் உருவாக்கும் சிறிய மொபைல் கேம்களுக்கு இசையும் அமைத்திருக்கிறேன். எனவே ஒரு மெட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அது கேமுக்குள் எப்படி இயங்குகிறது என்பவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மூளை எதை ஏன் நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது என் துறைக்கு வெளியே உள்ள விடயம். அங்கே வகுப்பறையில் கண்டதை மட்டும், கண்ட அளவிலேயே சொல்வேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதது. திரைப்படத்துக்குப் பின்னணி இசை அமைப்பவருக்குக் காட்சி எத்தனை விநாடி என்று தெரியும். கச்சேரி மேடையில் இருப்பவர் ராகத்தை எவ்வளவு நேரம் விரிப்பது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். கேமுக்கு இசை அமைப்பவருக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. ஒரே கட்டத்தை ஒரு பிள்ளை இருபது விநாடியில் தாண்டிவிடும், இன்னொரு பிள்ளை மாலை முழுவதும் அங்கேயே விழுந்து எழும்பிக்கொண்டிருக்கும். இரண்டு பிள்ளைக்கும் அதே இசை அலுக்காமல் ஒலிக்க வேண்டும், எந்த இடத்தில் அறுபட்டாலும் அரைகுறையாகப் படவும் கூடாது. 1978 இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இசை என்று இருந்தவை தாழ்ந்த நான்கு சுரங்கள் மாத்திரமே. அவை இறங்குவரிசையில் ஓயாமல் திரும்பத் திரும்ப ஒலித்தன. ஆட்டக்காரர் சுடச் சுட எதிரிகள் குறைகிறார்கள். குறையக் குறைய எஞ்சியவர்களின் நடை விரைகிறது. அந்த நடையோடு நான்கு சுரங்களும் விரைகின்றன. காலப்பிரமாணத்தை நிர்ணயிப்பது ஆட்டக்காரரின் கை. இன்றைய பெரிய கேம்களுக்கு முழு வாத்தியக் குழுவே வாசித்தாலும், அந்த நான்கு சுரங்களில் இருந்த எண்ணத்திலிருந்துதான் அவை கிளைத்திருக்கின்றன.

நீங்கள் லயத்தில் விளையாடிய டிவி கேம், பெரும்பாலும் 1983 இல் வெளிவந்த நின்டெண்டோ ஃபாமிகாமின் நகலாகவே இருந்திருக்கும். அதற்குள் இருந்த ஒலிச் சில்லு ஒரே நேரத்தில் ஐந்து குரல்களை எழுப்பக்கூடியது: மெட்டுக்கும் துணைமெட்டுக்கும் சதுர அலை இரண்டு, அடிச்சுரத்துக்கு முக்கோண அலை ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, பதிவு செய்த சிறு ஒலித்துண்டுகளை வாசிக்க ஒன்று. இவ்வளவையும் வைத்துக்கொண்டு 1985 இல் கோஜி கொண்டோ சூப்பர் மரியோ பிரதர்ஸுக்கு இசையமைத்தார். அதில் என்னை இன்றும் வியக்க வைப்பது ஒரு சிறு நுட்பம். மரியோ குதிக்கும்போது எழும் ஒலிக்கும் இதே ஐந்தில் ஒரு குரல்தான் வேண்டும். எனவே குதிக்கும் அந்தக் கணத்தில் இசையின் ஒரு குரல் மறைந்து, ஒலி முடிந்ததும் மீண்டும் வருகிறது. அப்படியானால் அந்த மெட்டை விளையாடிக்கொண்டே கேட்ட எவரும் அதை முழுமையாகக் கேட்டதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் அந்தப் பிள்ளை குதித்த இடங்களில் குரல் குறைந்த ஒரு தனி வடிவம் விழுந்திருக்கிறது. தரையில் ஓடும் கட்டத்துக்கு நான்கின் நடையில், எதிர்பாராத இடங்களில் அழுத்தம் விழும் துள்ளலான மெட்டு. தண்ணீருக்குள் நீந்தும் கட்டத்துக்கு மூன்று மூன்றாக அசையும் வால்ட்ஸ். நேரம் நூறுக்குக் கீழே இறங்கியதும் இசை ஓட்டம் பிடிக்கிறது. இசை ஆட்டத்தின் அசைவோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே கொண்டோவின் கொள்கை. நடையைத் தெரிந்து மாற்றி உணர்வை மாற்றுவது சங்கீதம் கற்ற அண்ணனுக்கு அந்நியமான செய்கையாக இருக்க முடியாது.

இனி, திரும்பத் திரும்பக் கேட்டதால் ஒட்டியது என்ற வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஒரு மெட்டை ஒரே மாலையில் ஐம்பது முறை கேட்டால் அது பதியாமல் என்ன செய்யும்? ஆனால் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். டிவி கேமோடு வந்த கசெட்டில் பல கேம்கள் இருந்திருக்கும். அவற்றில் நீங்கள் நெடுநேரம் விளையாடிய இன்னும் நான்கைந்து கேம்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றின் இசையையும் முணுமுணுக்க முயலுங்கள். என் வளர்ந்த மாணவர்களிடம் இதைச் செய்யச் சொல்லும்போது ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரித் திணறுகிறார்கள்: ஓரிரு மெட்டுகள் பிசகாமல் வருகின்றன, மற்றவற்றில் தாளத்தின் நிழல்கூடத் தேறுவதில்லை. கேட்ட அளவு ஒன்றுபோல இருந்தும் நின்றது சிலதுதான் என்றால், நின்றவற்றின் கட்டமைப்பிலும் ஏதோ இருந்திருக்க வேண்டும். பாடக்கூடிய எல்லைக்குள் நிற்கும் மெட்டு, ஏறியதும் இறங்கும் ஒழுங்கு, முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் தையல் தெரியாமல் திரும்பும் கடைசி அடி ஆகியவை அவற்றில் பொதுவாகத் தெரிகின்றன. இலங்கை வானொலியில் நாள்தோறும் ஒலித்த திரைப்பாடல்களில் சில மட்டும் தலைமுறை தாண்டி நிற்பதற்கும் இதே காரணத்தைத்தான் நாம் சொல்வோம். அந்த நியாயத்தைக் கேம் இசைக்கு மட்டும் மறுப்பது சரியாகாது.

கை பழகியதால் மனதிலும் பதிந்தது என்றொரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதை நான் முழுதாக ஏற்கத் தயங்குகிறேன். தோட்டத்தில் ஒரு வரிசை லயத்துக்கே ஒரு டிவி கேம் இருந்த காலத்தில், கையில் பிடித்து விளையாடியவர்களைவிட முறைக்காகக் காத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவர்களே அதிகம். உங்களுக்கும் அண்ணன்மார் விட்டால்தான் ஆட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருந்தும் மெட்டு உங்களுக்குள் நிற்கிறது. விளையாடுபவனின் அடுத்த தாவலை எதிர்பார்த்துக்கொண்டு பார்த்திருப்பவனும் ஒருவகையில் ஆட்டத்துக்குள்தான் இருக்கிறான் என்பது என் ஊகம். ஊகம் என்பதற்கு மேல் அதற்கு நான் உரிமை கோர மாட்டேன்.

வேகத்தைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்குத் தெளிவான தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருக்கிறது. அக்காலத்து கேம்கள் பெரும்பாலானவற்றில், தொலைக்காட்சித் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இசை ஓர் அடி முன்னேறும்படி எழுதப்பட்டிருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் திரை விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்பட்டது. இலங்கையில் வழங்கிய பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் 50 தடவை. ஆகவே நம் தொலைக்காட்சிகளுக்கு ஏற்பச் செய்யப்பட்ட இயந்திரத்தில், மாற்றி எழுதப்படாத ஒரு கேமை ஓட்டினால் அதன் இசை ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஒலிக்கும். சில இயந்திரங்களில் சுருதியும் சற்றே இறங்கும். வேறு சிலவற்றில் சுருதி அப்படியே நிற்க, காலம் மட்டும் தாழும். யூடியூபில் இருப்பவை பெரும்பாலும் ஜப்பானிய அல்லது அமெரிக்க வடிவங்களின் வேகத்தில் இருப்பவை. உங்கள் வீட்டில் இருந்த பெட்டி எந்த வகை என்று பாராமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், யூடியூபில் வேகத்தை 0.85 என்று வைத்து அதே மெட்டைக் கேட்டுப் பாருங்கள். சிறுவயதில் கேட்டது அப்படியே திரும்பி வந்ததுபோல இருந்தால், பிழை உங்கள் நினைவில் இல்லை. பிறர் கேட்டதைவிட ஆறுதலான ஒரு மரியோவை நீங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள்.

கேம் இசையின் மதிப்பை அண்ணனுக்கு விளங்கவைக்க ஒரே ஒரு வழியைத்தான் தெரிவு செய்யலாம் என்றால், நான் மரியோவை விட்டுவிட்டு அவரை மாசி மாதத்தில் ஒரு காமன் கூத்துக்கு அழைத்துப் போவேன். ரதியும் மன்மதனும் ஆடும்போது தப்பு என்ற பறையை அடிக்கும் தப்புக்காரரின் கண் ஆடுபவரின் காலிலேயே இருக்கும். ஆடுபவர் ஒரு சுற்றை நீட்டினால் அடியும் நீளும். அவர் அடுத்த கட்டத்துக்குப் போகும் குறிப்பைக் காட்டியதும், தப்புக்காரர் தாளம் உடையாமல் ஓர் அடியில் திரும்பி மற்றதற்குள் நுழைந்துவிடுவார். எத்தனை சுற்று என்று முன்கூட்டி எழுதி வைத்திருப்பது கிடையாது. ஆனாலும் எந்த இடத்திலும் ஒட்டுப் போட்டது தெரியாது. கணினிக்கு இதைக் கற்பிப்பதுதான் கேம் இசையமைப்பாளர்களின் நெடுநாள் பாடாக இருந்தது. அமெரிக்காவின் லூக்காஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐமியூஸ் என்ற முறையை உருவாக்கி, 1991 இல் வெளிவந்த மங்கி ஐலண்ட் 2 என்ற கேமில் பயன்படுத்தினார்கள். அதில் வுட்டிக் என்றொரு சிற்றூர் வருகிறது. அங்கே ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குள் நுழையும்போது இசை நின்று மீண்டும் தொடங்குவதில்லை. அப்போது வாசித்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்தே பொருத்தமான ஓர் இணைப்பு அடியின் வழியாகப் புதிய மெட்டுக்குள் வழுகிச் செல்கிறது.

1998 இல் வந்த செல்டா வரிசையின் ஒகரினா ஆஃப் டைமில் கொண்டோ வேறொரு வழியைக் கையாண்டார். பரந்த புல்வெளியில் நடக்கும் பகுதிக்கு எந்த வரிசையில் அடுக்கினாலும் பொருந்தும் சிறு சிறு துண்டுகளை எழுதி வைத்தார். ஆட்டக்காரர் நடந்தால் ஒருவகைத் துண்டுகள், அசையாமல் நின்றால் அமைதியானவை, எதிரி நெருங்கினால் பதற்றமானவை என்று கேம் தானாகத் தெரிவு செய்யும். 2010 இல் வெளிவந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷனுக்கு இசையமைத்த பில் எல்மும் வூடி ஜாக்ஸனும் பெரும்பாலான இசையை நிமிடத்துக்கு 130 அடி என்ற ஒரே வேகத்திலும் ஒரே சுருதியிலும் பதிவு செய்தார்கள். அதனால் குதிரை ஏறியதும் ஒரு வாத்தியம் சேர்வதும், சண்டை மூண்டதும் தாளம் சேர்வதும், ஓய்ந்ததும் எல்லாம் உதிர்ந்து ஒரு கிட்டார் மட்டும் எஞ்சுவதும் உறுத்தாமல் நடக்கின்றன. 2012 இல் வெளிவந்த ஜர்னிக்கு ஆஸ்டின் வின்டரி அமைத்த இசையில் தனி செல்லோ ஒன்று, பேச்சே இல்லாத அந்த கேமில், ஆட்டக்காரரின் குரலாகவே நிற்கிறது. அண்ணன் இங்கே நியாயமான ஒரு மறுப்பை எழுப்பலாம்: இதில் மனோதர்மம் எங்கே? உண்மைதான். தப்புக்காரர் அந்தக் கணத்தில் பிறப்பிக்கிறார், கணினி ஏற்கெனவே எழுதி வைத்தவற்றுள் தெரிவு செய்கிறது. ஆனால் எந்த இடத்தில் அறுத்தாலும் அர்த்தம் கெடாதபடி ஒரு மெட்டை எழுதுவது தனித் தேர்ச்சி வேண்டும் வேலை. அதை நானே செய்து பார்த்திருக்கிறேன்; வழக்கமான பாடலொன்றுக்கு மெட்டமைப்பதைவிட அது எனக்குக் கடினமாகவே இருந்திருக்கிறது.

நெட் கஃபே காலத்தைப் பொறுத்தவரை கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் குறிப்பிடும் வைஸ் சிட்டி 2002 இல் வந்தது. கதை 1986 இல் நடப்பதால் காரில் ஏறியதும் அந்தக் காலத்து அமெரிக்க, பிரித்தானியப் பாடல்கள் வானொலியில் ஒலிக்கும். அவை கேமுக்காக இயற்றப்பட்டவை அல்ல, உரிமம் பெற்றுத் தொகுக்கப்பட்டவை. அந்தத் தொகுப்பில் நல்ல ரசனை இருக்கிறது, ஆனால் மதிப்பிடும்போது அதை இசையமைப்போடு குழப்பக் கூடாது. 2004 இன் சான் அன்ட்ரியாஸுக்கு மைக்கேல் ஹன்டர் அமைத்த தொடக்க இசை இயற்றப்பட்டது. பாடல்களை மறந்தவர்களுக்கும் அது நினைவிருக்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 நேர்மாறு. ஆட்டம் நடக்கும்போது அதில் இசையே கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பதைக் காலடிச் சத்தத்தில் கணிக்க வேண்டியிருப்பதால் இசை அங்கே இடைஞ்சல். ஹட்டனில் அந்த கேமை விளையாடி வளர்ந்தவர்களிடம் அதன் இசையைப் பற்றிக் கேட்டால் பலர் ஏதாவதொரு தமிழ்த் திரைப்பாடலைச் சொல்வார்கள். கடைக்காரர் போட்டுவிட்ட பாடல்தான் அவர்களுக்கு அதன் பின்னணி இசையாக அமைந்தது. பிறிதோர் ஊரில் அதே கேமுக்கு வேறொரு மொழிப் பாடல் அமைந்திருக்கும். இதை யாராவது முறையாகப் பதிவு செய்தால் நம் ஊர்களின் கேட்டல் பழக்கத்தைப் பற்றி அரிய ஆவணம் ஒன்று கிடைக்கும் என்று உண்மையிலேயே எண்ணுகிறேன்.

உறுதியில்லாத இரண்டு விடயங்களையும் சொல்லிவிட வேண்டும். சில்லின் வசதிக் குறைவுதான் அக்கால மெட்டுகளை உயர்த்தியது என்று பலர் எழுதுகிறார்கள். குரல்கள் குறைவாக இருந்ததால் மெட்டைத் தெளிவாக நிறுத்த வேண்டிய கட்டாயம் இருந்தது என்பது சரி. மூன்று சுரங்களை ஒன்றாக எழுப்ப முடியாத இடத்தில் அவற்றை மிக விரைவாக அடுத்தடுத்து ஒலித்துச் சுரக்கூட்டு போலத் தோன்றவைத்த உத்தியும் அந்தக் குறையிலிருந்தே பிறந்தது. கொமடோர் 64 கணினியின் மூன்றே குரல்களை வைத்து ரொப் ஹபர்டும் மார்ட்டின் கோல்வேயும் செய்தவற்றைக் கேட்டால் அது விளங்கும். ஆனால் அதே சில்லுகளில் காதைக் குடையும் மெட்டுகளும் ஏராளமாக வந்தன. அவற்றை நாம் மறந்துவிட்டதால் அந்தக் காலமே பொற்காலமாகத் தெரிகிறது. ஆகவே குறை ஒரு வாய்ப்பைக் கொடுத்தது, திறமையுள்ளவர் அதைப் பயன்படுத்தினார் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வேன். அடுத்தது, கேம் இசையைக் கேட்டுக்கொண்டு படித்தால் பிள்ளைகளுக்குப் புள்ளிகள் கூடும் என்ற பேச்சு. கவனத்தைக் குலைக்காமல் ஒலிக்கும்படி அது ஆக்கப்படுகிறது என்பது உண்மை. அதிலிருந்து பரீட்சைப் புள்ளிக்குத் தாவுவது வேறு கூற்று. பெற்றோர் கேட்கும்போது நான் அதற்கு உறுதி கொடுப்பதில்லை.

உலகம் இந்த இசையை எப்படி ஏற்றது என்பதை அண்ணனுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிராகன் குவெஸ்ட் இசையை அதன் இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா 1987 இலேயே டோக்கியோவில் வாத்தியக் குழுவோடு மேடையேற்றினார். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து வந்தது அந்த இசையில் தொடங்கிய கேம் இசைத் தொகுப்புக்குத்தான். சிவிலைசேஷன் 4 என்ற 2005 ஆம் ஆண்டு கேமுக்காகக் கிறிஸ்டோபர் டின் இயற்றிய பாபா யேத்து, கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபத்தைச் சுவாஹிலி மொழியில் பாடும் பாடல். பின்னர் அவர் தம் இசைத்தொகுப்பில் வெளியிட்ட வடிவத்துக்கு 2011 இல் கிராமி விருது கிடைத்தது. கேமுக்காகப் பிறந்த இசை கிராமி பெற்றது அதுவே முதல் தடவை. 2023 இலிருந்து கேம் இசைக்கென்றே கிராமியில் தனிப் பிரிவு இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2023 இல் மரியோ இசையும் 2025 இல் மைன்கிராஃப்டின் முதல் இசைத்தொகுப்பும் சேர்ந்தன. விருதை வைத்து இசையின் தரத்தை அளக்க முடியாது. இத்தனை இடங்களில் இசையறிந்தவர்கள் இதைச் சத்தம் என்று தள்ளிவிடவில்லை என்பதற்கு மட்டும் இவை சான்று.

அந்த மூன்று கேள்விகளுக்கும் அப்பால், நம் ஓசைகளுக்கு இதில் இடம் உண்டா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்ட வெண்பா, 1980களின் பிற்பகுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையில் நடக்கிறது. அம்மா சமைக்கும்போது வானொலியில் பாடல் ஒலிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பாடலின் பாணியும் அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையைப் போல மாறிவரும். ஆல்பா சம்திங் என்ற பெயரில் இயங்கும் இசையமைப்பாளர் அதைப் பரிவோடு செய்திருக்கிறார். 2021 இல் வந்த கீனா: பிரிட்ஜ் ஆஃப் ஸ்பிரிட்ஸ் பாலித் தீவின் கமலான் என்ற பாரம்பரிய வாத்தியக் குழுவான சூடமணியை அழைத்து வாசிக்கவைத்தது. நாட்டார் வாத்தியம் ஒன்றைக் கணினி ஒலியால் போலி செய்வதற்கும், அதை வாழ்நாளெல்லாம் வாசித்தவரை அழைத்துப் பதிவு செய்வதற்கும் உள்ள வேறுபாடு அதில் காதுக்குத் தெளிவாகத் தெரியும். மலையகத்தில் ஒரு கேம் உருவானால் தப்பை இந்த வழியிலேயே அணுக வேண்டும் என்பது என் விருப்பம். விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, அழைக்க ஓர் அடி, கோயிலுக்கு ஓர் அடி, இழவுக்கு ஓர் அடி என்று, மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை ஓசையிலிருந்தே அறிந்துகொண்ட சமூகம் இது. கேம் ஓசைக்கும் அடிப்படைப் பணி அதுதான். தப்பை வெறும் விறுவிறுப்புக்காகச் சண்டைக் காட்சியில் சேர்த்து, அந்த அடிகளின் பொருளைத் தொலைத்துவிட்டால் எனக்குப் பெரும் வருத்தமாக இருக்கும்.

மகளைப் பற்றி. தாராளமாக இடம்கொடுங்கள், ஆனால் வரிசையைக் கவனியுங்கள். பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது மரியோவின் மெட்டைத்தான். தொடக்க நிலையில் அதை வேண்டாம் என்பேன். அழுத்தங்கள் அடிக்கு வெளியே விழுவதால், எண்ணி வாசிக்கப் பழகாத கை அதைத் தப்பாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு திருத்துவது பெரும்பாடு. டெட்ரிஸின் மெட்டிலிருந்து தொடங்குங்கள். அது கேமுக்காகப் பிறந்ததன்று. ரஷ்யக் கவிஞர் நெக்ராசோவ் 1861 இல் எழுதிய கவிதையிலிருந்து வந்த கொரொபெய்னிகி என்ற ரஷ்ய நாட்டார் பாடல். 1989 இல் வந்த கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக ஹிரோகாசு டனாகா அதை அமைத்தார். ஏ மைனரில் வாசித்தால் முதற்பகுதியில் வலக்கை முழுவதும் வெள்ளைக் கட்டைகளிலேயே நகரும். அண்ணனிடம் காட்டினால் அது நடபைரவி ராகத்தின் சுரங்கள் என்று உடனே சொல்லிவிடுவார். இடக்கையின் சுரக்கூட்டில் ஜி ஷார்ப் வரும் இடத்தில் கீரவாணி ராகம் எட்டிப் பார்ப்பதையும் அவரே மகளுக்குக் காட்டட்டும். அடுத்ததாக மைன்கிராஃப்டில் டேனியல் ரோசன்ஃபெல்ட் இயற்றிய ஸ்வீடன். வேகமில்லாத மெட்டு, ஒவ்வொரு சுரத்தையும் அதன் முழு அளவுக்குப் பிடித்து வைக்கவும், அவசரப்படாமல் அடுத்ததுக்குக் காத்திருக்கவும் அது பழக்கும். மரியோவில் ஆசை விடவில்லை என்றால் நீருக்கடிக் கட்டத்தின் வால்ட்ஸைக் கொடுங்கள். மூன்றின் நடை அதிலேயே கைக்கு வந்துவிடும், தரைக்கட்ட மெட்டை ஓரிரு ஆண்டு கழித்து எடுக்கலாம். அவள் பரீட்சைக்குப் படிக்கும் பாடங்களையும் பயிற்சிகளையும் இதற்காக நிறுத்த வேண்டாம். நாளாந்தப் பயிற்சியின் கடைசிப் பகுதியை இதற்கு ஒதுக்கினால் போதும்.

மெட்டு ஓரளவு கைக்கு வந்ததும், ஒலியை அணைத்துவிட்டு நீங்கள் ஒரு கேமை விளையாடுங்கள், அவள் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும். முதல் எட்டு அளவுகளை நீங்கள் அந்தக் கட்டத்தை முடிக்கும்வரை சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். நீங்கள் தாண்டியதும், தாளம் விடாமல், கையிலிருக்கும் அளவை முடித்துக்கொண்டு இரண்டாம் பகுதிக்குள் போக வேண்டும். தோற்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எப்போது தாண்டுவீர்கள் என்பதை அவளிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.